ஆங்கிலம் தெரியாத என் அப்பாவுக்கு ஹென்றி ஃபோர்டு மியூசியமும் கிரீன்ஃபீல்டு வில்லேஜும் புரியுமா?

உங்கள் அப்பா ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். கோடையில் டெட்ராய்ட் வருகிறார். ஆங்கிலம் தெரியாது. "அவருக்கு அங்கே என்ன புரியப்போகிறது, நயாகராவைக் காட்டினால் போதாதா" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். மற்றபடி நான் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி.

கூட்டிக்கொண்டு போங்கள். நயாகராவை விட்டாலும் இதை விடாதீர்கள்.

என் அப்பாவும் மெக்கானிக்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பெட்ரோல் லாரியும் ஜீப்பும் ஓடிய காலத்தில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவர். அப்புறம் டிராக்டர், டீசல் பம்ப்செட் என்று ஆயுசு முழுக்க எஞ்சினோடுதான் இருந்தார். எங்களிடம் வந்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் உதிரி பாகங்களின் பெயர்கள்தான். கார்புரேட்டர், மேக்னெட்டோ, கிராங்க், பேரிங். அந்த இடத்துக்கு அதுவே போதும்.

கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்பது செட் போட்ட கிராமம் இல்லை. பெரும்பாலும் பல ஊர்களில் இருந்த அசல் கட்டடங்களைப் பிரித்து டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னுக்குக் கொண்டுவந்து, சுமார் 80 ஏக்கர் பரப்பில் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருந்த எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை, அசல் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், பழையபடியே அங்கே திரும்பக் கட்டினார்கள். அதற்காக நியூ ஜெர்சியின் செம்மண்ணையும் சேர்த்து ஏற்றி வந்தார் ஹென்றி ஃபோர்டு. மின்விளக்கின் ஐம்பதாவது ஆண்டு விழாவான 1929 அக்டோபர் 21 அன்று, எடிசனே வந்து அந்த அறையில் விளக்கை மறுபடி ஏற்றிக்காட்டினார். எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். நாங்களும் போனோம், பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அப்பா நின்ற இடம் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை. ஒஹாயோவின் டேட்டன் நகரத்தில் இருந்த அதே கடைதான், 1937-ல் இங்கே வந்தது. முன்பக்கம் சைக்கிள் விற்கும் இடம், பின்பக்கம் பட்டறை. லேத்தும் டிரில்லிங் மெஷினும் நிற்கின்றன, மேலே ஓடும் ஷாஃப்டிலிருந்து பெல்ட்டுகள் இறங்குகின்றன. 1903-ல் பறந்த விமானத்தின் எஞ்சினை இந்தப் பின்கட்டில்தான் செய்தார்கள். செய்தவர் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். பெரிய படிப்பெல்லாம் இல்லாதவர். சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சினை ஆறே வாரத்தில் முடித்தார். ரைட் சகோதரர்களைத் தெரியாதவர் இல்லை, டெய்லரை எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபோர்டு மட்டும் அவரைத் தேடிப்பிடித்து, கடையைப் பழையபடி அமைக்கும் வேலைக்கு அழைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து உடையில் ஒருவர் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா என் தோளைத் தட்டி, "இங்க இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் வசதி ஒண்ணும் இல்லையே, கிராங்க் ஷாஃப்ட்டை எப்படிப் பண்ணாங்கன்னு கேளும்மா" என்றார். கேட்டேன். அவர் முகம் மலர்ந்து ஆரம்பித்தார். தடித்த எஃகுப் பலகை ஒன்றை எடுத்து, அதன்மேல் கிராங்க்கின் வடிவத்தை வரைந்து... நான் இவ்வளவுதான் தமிழில் சொல்லியிருப்பேன். "கோட்டை ஒட்டி வரிசையா ஓட்டை போட்டிருப்பான். அப்புறம் உளியை வெச்சுத் தட்டி எடுத்துட்டு லேத்துல ஏத்தியிருப்பான். வேற வழி கிடையாது" என்று அப்பா முடித்துவிட்டார். டெய்லர் செய்தது அச்சு அசலாக அதேதான். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு இருவரும் பெல்ட்டுகளைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் ஆங்கிலத்தில், ஒருவர் தமிழில். நேராகப் போட்ட பெல்ட் எந்தப் பக்கம் சுழலும், குறுக்கே மாற்றிப் போட்டால் எந்தப் பக்கம் சுழலும் என்று விரலைச் சுழற்றிக் காட்ட மொழிபெயர்ப்பாளர் எதற்கு? நான் சும்மா நின்றேன்.

அடுத்தது ஃபோர்டின் மாடல் டி கார். கிராமத்துக்குள்ளேயே அந்த வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற கார். இதில் ஆக்சிலரேட்டர் பெடல் கிடையாது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் நெம்புகோல்தான் ஆக்சிலரேட்டர். தரையில் மூன்று பெடல்கள்: இடது பெடலை முழுக்க அமுக்கினால் லோ கியர், விட்டால் டாப், நடுவில் இருப்பது ரிவர்ஸ், வலது பக்கம் பிரேக். உங்கள் அப்பாவை முன்சீட்டில், ஓட்டுநரின் கால் தெரியும்படி உட்கார வையுங்கள். என் அப்பா வழியில் ஒரு கட்டடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கியதும் அப்பா வண்டியின் முன்னால் போய், ஹேண்டில் போட்டுச் சுற்றுவதுபோல் நின்று காட்டினார். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்திருந்தார். எஞ்சின் திருப்பி உதைத்தால், ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முதலில் முறியும். அதனால்தான் சுற்றுவதற்கு முன் ஸ்பார்க் நெம்புகோலை ரிடார்டில், அதாவது பொறி தாமதமாக விழும்படி, வைக்க வேண்டும். ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் தன் கையையும் அதேபோல் மடக்கிக் காட்டினார். அப்பாவின் வலது கட்டைவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். அது எப்படி வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இனி மியூசியம். பார்க்கிங்கிலிருந்து பார்த்தால் ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபம் மாதிரியே தெரியும், வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. உள்ளே கார்கள் ஏராளம். ஃபோர்டின் முதல் வண்டியான 1896-ம் ஆண்டு குவாட்ரிசைக்கிள் இருக்கிறது. கொட்டகையின் கதவில் நுழையாததால் செங்கல்லை உடைத்து வெளியே எடுத்தாராம். உலகில் ஆறே ஆறு எஞ்சியிருக்கும் புகாட்டி ராயல் காரில் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் காயலான் கடைக்குப் போய்விட்டதை ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் வாங்கி மீட்டார். கென்னடி சுடப்பட்டபோது இருந்த லிங்கன் காரும் உண்டு. அதைக் கவசம் போட்டு மாற்றி 1977 வரை வெள்ளை மாளிகை உபயோகித்தது என்பது பலருக்குத் தெரியாது. அலெகெனி என்ற 1941-ம் ஆண்டு நீராவி ரயில் எஞ்சின், நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் டெண்டர் பெட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 600 டன். ஓட்டுநர் அறைக்குள் ஏறிப் பார்க்கலாம், மறக்காமல் ஏற்றுங்கள்.

ரோசா பார்க்ஸ் பேருந்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில், கறுப்பினப் பெண்ணான அவர் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்த அதே 2857-ம் எண் பேருந்து. வருடக்கணக்காக ஒரு வயல்வெளியில் மரச்சாமானும் கருவிகளும் போட்டுவைக்கும் கொட்டகையாகக் கிடந்தது. 2001-ல் ஏலத்தில் வாங்கிச் சரிசெய்தார்கள். உள்ளே போய் இருக்கையில் உட்காரலாம். போவதற்கு முன்பே அந்தக் கதையை உங்கள் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள், அங்கே நின்று அவசரமாகச் சொல்லாதீர்கள். என் அப்பா கேட்டுவிட்டு, "நம்ம ஊருக்குப் புதுசா என்ன" என்று மட்டும் சொன்னார்.

"ஃபோர்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாள்" என்று யாராவது வருவீர்கள். அவருடைய பத்திரிகை யூதர்களைப் பற்றி அச்சடித்த விஷமும் தெரியும், 1937-ல் ஃபோர்டின் ரூஜ் கார் ஆலை வாசலில் தொழிற்சங்கத்துக்காரர்களை அவரது ஆட்கள் அடித்ததும் தெரியும். பார்க்கச் சொல்வது அந்த மனிதரை இல்லை, அங்கே சேர்ந்திருக்கும் வேலையை. அதே கிராமத்தில் ஜார்ஜியாவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளின் செங்கல் வீடுகளும் நிற்கின்றன. பெரும்பாலானவர்கள் ராட்டினத்துக்குப் போகிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் "ஆட்டோமொபைல் பிசினஸ்" என்று போடச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள். மெக்கானிக் என்று போட்டால் சபையில் நன்றாக இருக்காதாம். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அதே ஆட்களின் வண்டி நடுரோட்டில் நின்றால் ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்குத்தான் போன் வரும். அவரும் போவார். என் வீட்டுக்காரர் நல்லவர், இதை இங்கே எழுதுவது அவருக்கும் தெரியும். ஆனால் "அவருக்கு என்ன புரியப்போகிறது" என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்தப் பத்திரிகைதான் ஞாபகம் வருகிறது. இரும்பைத் தொட்டுப் பிழைத்தவருக்குப் புரியாதது, கண்ணாடிப் பெட்டியைப் படமெடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்குப் புரிந்துவிடுமா?

சரி, ஏற்பாட்டு விஷயங்கள். மியூசியத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனி டிக்கெட். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பெரியவர்களுக்குக் கால் தாங்காது. இரண்டு நாள் கிடைக்காவிட்டால் உங்கள் அப்பாவுக்காகக் கிராமத்தையே தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் கிராமத்தை மூடிவிடுவார்கள், கோடையில் போவதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாடல் டி, நீராவி ரயில் இரண்டிலும் ஏற வேண்டும் என்பதால் நாள் முழுவதும் சவாரி செய்வதற்கான ரைட் (ride) பாஸ் வாங்கிவிடுங்கள். முதலில் ரயிலில் ஒரு சுற்று வந்தால் எது எங்கே என்று பிடிபடும். ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் ரவுண்ட்ஹவுஸ் உண்டு, அங்கே அப்பாவை விட்டுவிட்டு அம்மாவை ஃபயர்ஸ்டோன் பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். 1880-களின் சமையலறையில் விறகடுப்பு மூட்டி நிஜமாகவே சமைக்கிறார்கள். என் அம்மா அங்கிருந்து நகரவே இல்லை.

ஃபோர்டு ரூஜ் ஆலையைப் பார்க்க மியூசியத்திலிருந்தே பேருந்து போகிறது. அசெம்பிளி லைன் ஓடாத நாட்களும் உண்டு, டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்துக்குமேல் அவரே உட்காருவார்.