மேட்டூருக்கு ஜூன் 12, சிங்கப்பூருக்கு எந்தத் தேதி?

கேள்வி: அம்மா, என் மாமனாருக்கு ஊர் கும்பகோணம் பக்கம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பார்கள் என்பார். ஆனால் சில வருடம் முன்னே பின்னே போகிறதே? ஒரு வருடத் தண்ணீரை எப்படித் திட்டமிடுகிறார்கள்? அங்கே மின்சாரமும் எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் இத்தனை நீர்த்தேக்கம் இருந்தும் நாம் ஏன் எடுப்பதில்லை?
- ஈசூன் வாசகர்

பதில்: உங்கள் மாமனார் சொல்வது குறுவை நெல் சாகுபடிக்கான தேதி. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆனால் கையில் இருப்பு இருந்தால்தான் அந்தத் தேதி. 2022-ல் நல்ல இருப்பு, மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024 ஜூனில் திறக்கப் போதுமான தண்ணீர் இல்லை. கர்நாடகத்திலிருந்து வெள்ளம் வந்த பிறகு ஜூலை 28-ல்தான் திறப்பு. அடுத்த இரண்டே நாளில் அணை அதன் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது!

ஓய்வு பெற்று மகளோடு இங்கே வந்து சேரும்வரை, தமிழ்நாட்டில் அணைகளின் கணக்குத் தாள்களைப் பார்ப்பதுதான் என் வேலை. தாள் ரொம்ப எளியது. மாதத்துக்கு ஒரு வரி. ஜூன் 1-ல் இருப்பு 60 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று வரவு 10, திறந்துவிட்டது 25, வெயிலில் ஆவியாகிப் போனது 1. ஜூன் 30-ல் மிச்சம் 44. அதுவே ஜூலையின் முதல் எண். இப்படி மே வரை பன்னிரண்டு வரி.

புதிதாக வருகிற பொறியாளர்கள் ஜூனில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். நான் மே மாதத்திலிருந்து மேலே ஏறச் சொல்வேன். மே 31-ல் அணையில் எவ்வளவு கட்டாயம் இருந்தாக வேண்டும்? குடிநீருக்கு எவ்வளவு, அடுத்த மழை தாமதமானால் தாங்க எவ்வளவு? அந்த எண்ணை எழுதிவிட்டு ஏப்ரல், மார்ச் என்று ஏறினால், எந்த மாதத்தில் எந்த மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது தெரிந்துவிடும். அப்புறம், வரவுப் பத்தியில் சராசரியை மட்டும் எழுதி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மழை பொய்த்த வருடம் ஒன்றின் எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் முடிந்ததும் உண்மையான வரவைப் போட்டு மிச்ச வரிகளைத் திருத்த வேண்டும்.

இதில்தான் மின்சாரம் குறுக்கே வரும். 36 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் ஒரு யூனிட் தரச் சுமார் 12 கன மீட்டர் போதும். அந்த உயரம் பாதியாகக் குறைந்தால் அதே யூனிட்டுக்கு 24 கன மீட்டர் வேண்டும். அதனால் மின்வாரியத்துக்கு அணை நிரம்பியே இருக்க வேண்டும். வெள்ளத்தைக் கவனிப்பவருக்கு இடம் காலியாக வேண்டும். விவசாயிக்குச் சரியான வாரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும். என் கருத்தில் தேதியையும் அளவையும் குடிநீரும் பாசனமும்தான் தீர்மானிக்க வேண்டும். போகிற தண்ணீரில் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். மேட்டூரில் பாசனத்துக்கு விடும் நீர் அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம் வழியாகப் போகிறது. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய கதவணைகள் ஒவ்வொன்றிலும் அதே தண்ணீர் மறுபடி மறுபடி டர்பைனைச் சுழற்றுகிறது. கோடையில் மின் தேவைக்காக மட்டும் கூடுதலாகத் திறப்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

சரி, சிங்கப்பூர். இங்கே தண்ணீர் விழ உயரம் இல்லை. புக்கித் தீமா குன்றே சுமார் 164 மீட்டர்தான். நீர்த்தேக்கங்கள் 17 இருந்தாலும் மரினா போன்றவை கடலை ஒட்டியே கிடக்கின்றன. 2022 ஜூனிலிருந்து லாவோஸ் நீர்மின்சாரம், 100 மெகாவாட் வரை, தாய்லாந்து, மலேசியா வழியாக வரத் தொடங்கியது.

ஆனால் அந்தக் கணக்குத் தாள் நமக்கும் உண்டு. ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க 1962 ஒப்பந்தம் 2061 வரை இடம் தருகிறது. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கடலின் உப்புநீர் நாம் நீர் எடுக்கும் இடம்வரை ஏறிவிடும். ஜொகூரில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கத்திலிருந்து விடும் தண்ணீர்தான் அதைக் கீழே தள்ளுகிறது. அந்த லிங்கியு 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இன்று கூடுதலாக விட்டால் இரண்டு மாதம் கழித்து உப்பைத் தள்ள எது மிஞ்சும்? மேட்டூர்க்காரர்கள் கேட்கும் கேள்வியேதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி. அப்போது கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் எடுக்கும் ஆலைகளையும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளையும் கூடுதலாக ஓட்டி, புதுநீரை நீர்த்தேக்கங்களிலும் விட்டார்கள். அதாவது, வரவுப் பத்தியில் நாமே ஓர் எண்ணைச் சேர்க்க முடிகிறது. ஆனால் அது இலவசமில்லை. கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் குடிநீர் எடுக்கச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. மேட்டூர் அணையில் தண்ணீர் மின்சாரம் தருகிறது. இங்கே தண்ணீருக்காக மின்சாரம் கொடுக்கிறோம். அதனால் திறப்புத் தேதிக்குப் பதில், இருப்பு எந்த மட்டத்துக்கு வந்தால் எந்த ஆலையை எவ்வளவு ஓட்டுவது என்பதுதான் நம் ஊரில் முக்கியமான முடிவு.