காது கேளாமை பற்றி ஊருக்குள் பேசப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் செவித்திறன் முகாம்களுக்குத் தன்னார்வலராகப் போய் வருகிறேன். டாக்டர் இல்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, மார்ச் 3 உலக செவித்திறன் தினத்துக்கு எங்கள் என்.எஸ்.எஸ். சார்பில் பேரணி போகிறோம். போதுமா?

போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதாகையைப் பார்த்துவிட்டு எந்தப் பாட்டியும் பேரனைப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதாக நான் பார்த்ததில்லை. பாதி நாளை ஓர் அங்கன்வாடிக்குக் கொடுங்கள். பேச்சு வராத பிள்ளைகள் யார் யார் என்று டீச்சருக்குத் தெரியும், அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், எந்த பஸ் என்பது வரை எழுதிக் கொடுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: அண்ணன் பையனுக்கு ஒன்றரை வயது, பேச்சே இல்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான், தட்டு விழுந்தா திரும்புறானே" என்கிறார் அம்மா.

இந்த வசனத்தைக் கேட்காத ஊரே இல்லை. தட்டு விழுந்தால் தரை அதிரும், ஆள் அசைவது தெரியும், பிள்ளை திரும்பத்தான் செய்யும். பெரிய சத்தம் மட்டும் கேட்டு, 'ச', 'ஸ' மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகளும் உண்டு. அதனால் கைதட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓ.ஏ.இ. பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். குழந்தை தூங்கும்போது காதில் சின்ன முனை ஒன்றை வைத்து உள்காதிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய்வார்கள், வலி கிடையாது, சில நிமிட வேலை. அதில் சந்தேகம் வந்தால் பெரா, அதாவது சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பரிசோதனை. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு, எனவே இந்த வாரமே கிளம்புங்கள். காதில் மாட்டும் கருவி போதாது, ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் வேண்டும் என்றால் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் பேசிவிடுவான் என்று மட்டும் நினைக்காதீர்கள், அதன்பிறகு பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் அலைய வேண்டும்.

அப்புறம், பழியை மருமகள் தலையில் போடவிடாதீர்கள். சொந்தத்தில் கல்யாணம், கர்ப்பத்தில் ருபெல்லா, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணம் பல.

மதுரை, ஆசிரியர்: காது கேளாதவர் வேடத்தில் மாணவர்களை நாடகம் போடச் சொல்லலாமா?

வேண்டாம் சார். காது கேளாதவர்களே ஊரில் இருக்கும்போது வேடம் எதற்கு? அவர்களையே மேடையேற்றுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள், பேசும்போது அவரைப் பார்க்காமல் காது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள், கைதட்டுக்குப் பதில் இரு கையையும் தூக்கி அசைக்கச் சொல்லிக் கொடுங்கள். சைகை மொழி கற்க டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் (ஐ.எஸ்.எல்.ஆர்.டி.சி.) 10,000 சொற்கள் கொண்ட அகராதி வீடியோவாக இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் நாலு பேரோடு பழகினால்தான் கை வரும்.

கோவை: அப்பாவின் ஹியரிங் எய்ட் பீரோவிலேயே தூங்குகிறது. மிக்ஸி சத்தம் மண்டையைப் பிளக்கிறதாம்.

பிளக்கும்தான். பல வருஷம் கேட்காத சத்தமெல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கிறதே! முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாங்கிய இடத்துக்கே திரும்பப் போய் ஒலி அளவை மாற்றச் சொல்லுங்கள், பலர் போவதே இல்லை. பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த நேரத்திலிருந்தே அது தீர ஆரம்பித்துவிடும், தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். வீட்டில் யாரும் அடுப்படியிலிருந்து கத்த வேண்டாம், எதிரே வெளிச்சத்தில் நின்று சாதாரணமாகப் பேசுங்கள்.

தேனி: காதுவலிக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா?

கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வினை. பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதுவும் கூடாது. சீழ் வந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.