கலந்தியாவ் சட்டமும் லகுனா செப்பேடும்

மதிப்பிற்குரிய ஐயா,

கணவரின் பணி காரணமாக ஆறு ஆண்டுகளாக மணிலாவில் வசிக்கிறேன். எங்கள் பகுதியிலுள்ள ஒரு சமூக நிலையத்தில், ஐந்தாம், ஆறாம் வகுப்பு படிக்கும் பிலிப்பினோ குழந்தைகளுக்கு வார இறுதியில் பாடம் சொல்லித்தருகிறேன். இந்த ஆண்டு நாட்டு வரலாறும் பண்பாடும் என் பொறுப்பு. கலந்தியாவ் என்ற தலைவர் 1433-இல் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘கலந்தியாவ் சட்டம்’ பற்றிய பழைய அட்டை ஒன்று அங்கே சுவரில் தொங்குகிறது. அது போலி என்று படித்திருந்ததால் எடுத்துவிடலாம் என்றேன். “சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் நாட்டைப் பற்றிய பெருமிதம் வரட்டும், சந்தேகங்களை வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும்” என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். என் உறவினர்களோ, இந்நாட்டின் செபு நகரை நிறுவியவர்கள் சோழர்களே என்ற செய்தியை அனுப்பி, அதையும் சொல்லிக்கொடு என்கிறார்கள். அந்த ஆசிரியர் சொல்வது சரியா?

அன்புடன்,
மணிலாவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஆசிரியரின் மனநிலையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் கீழும், பின்னர் அமெரிக்காவின் கீழும் இருந்த மக்கள் அவர்கள். 1901-இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் வந்திறங்கிய நூற்றுக்கணக்கான அமெரிக்க ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார்கள். வெள்ளையர் வருவதற்கு முன் உங்களிடம் எதுவும் இருந்ததில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒரு சமூகத்துக்கு, பதினைந்தாம் நூற்றாண்டிலேயே எங்களிடம் எழுதப்பட்ட சட்டம் இருந்தது என்ற செய்தி எவ்வளவு இனித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹோசே மார்கோ என்பவர் 1914-இல் மணிலா நூலகத்துக்குக் கொடுத்த ஆவணங்களிலிருந்து வந்த அந்தச் சட்டம், பாடநூல்களில் அவ்வளவு விரைவாக இடம்பிடித்ததற்கு அந்தப் பசியே காரணம் என்று நினைக்கிறேன்.

அதைப் போலி என்று நிறுவியவர் வில்லியம் ஹென்றி ஸ்காட். அமெரிக்காவில் பிறந்து, வடக்கு லூசோன் மலைப்பகுதியில் உள்ள சகாதாவில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். மூல ஆவணம் எங்கே, அதை முதலில் பார்த்தவர் யார், மார்கோவுக்கு முன் யாராவது அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்ற எளிய கேள்விகளைப் பின்தொடர்ந்து, 1968-இல் தம் முனைவர் பட்ட ஆய்வை முன்வைத்தார். அதைப் பரிசீலித்த குழுவில் தியோதோரோ அகொன்சில்யோ, கிரகோரியோ சைதே போன்ற, நாடெங்கும் படிக்கப்பட்ட வரலாற்று நூல்களை எழுதியவர்களே இருந்தார்கள். ஆயினும் 1971-இல் நீதித்துறைச் சேவைக்கான அரசு விருது ஒன்றுக்குக் கலந்தியாவின் பெயரே சூட்டப்பட்டது. தேசிய வரலாற்று நிறுவனம் அந்தச் சட்டத்துக்கு ஆதாரமில்லை என்று முறையாகத் தீர்மானித்தது 2004-இல்தான். சிறு வயதில் பெருமிதத்துடன் மனத்தில் பதிந்ததைப் பிறகு அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த முப்பத்தாறு ஆண்டுகளைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

‘வளர்ந்த பிறகு’ என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 2014-இல் வந்த கல்வித்துறை ஆணைக்குப் பின், அங்கே உயர்நிலைப் பள்ளியில் பிலிப்பைன்ஸ் வரலாறு தனிப்பாடமாக இல்லாமல், ஆசிய வரலாறு போன்ற பாடங்களுக்குள் கரைந்துபோனது. அதை முழுமையாகக் கற்கும் இடமாக ஐந்தாம், ஆறாம் வகுப்புகளே எஞ்சின. உங்கள் முன் அமர்ந்திருக்கும் வயதில் அவர்கள் கேட்காததை, பிறகு யாரோ ஒருவர் சொல்லித்தருவார் என்று விட்டுவிட முடியாது.

அட்டையைக் கழற்ற வேண்டாம். அதன் பக்கத்தில் லகுனா செப்பேட்டின் படத்தை மாட்டுங்கள். லகுனா மாகாணத்தில் லும்பாங் ஆற்றின் முகத்துவாரத்தருகே மணல் அள்ளியபோது கிடைத்தது அது. சக ஆண்டு 822, அதாவது பொது ஆண்டு 900 என்று அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. நம்வரன் என்பவரின் பொன் கடன் தீர்ந்துவிட்டது என்று அவருடைய வாரிசுகளுக்குக் கொடுக்கப்பட்ட விடுதலைப் பத்திரம் அது. டச்சு மானிடவியலாளர் அந்தோன் போஸ்ட்மா படித்துச் சொன்ன அதன் பழைய மலாய் வாசகத்தில் வரும் ‘துண்டுன்’, இன்றைய மணிலாவின் தோண்டோ பகுதி என்று கருதப்படுகிறது. உங்கள் மாணவர்கள் அறிந்த பகுதியின் பெயர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடன் பத்திரத்தில் இருக்கிறது! போலி கொடுத்ததைவிடப் பெரிய பெருமிதத்தை உண்மை கொடுக்கும் இடம் இது. கலந்தியாவின் அட்டையையும் செப்பேட்டையும் காட்டி, ஸ்காட் கேட்ட கேள்விகளையே குழந்தைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பத்து வயதுக் குழந்தை “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று தானாகவே கேட்கும்.

தமிழருக்கு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் அதுவும் இந்தத் தகட்டில் இருக்கிறது. அது எழுதப்பட்ட, பழைய ஜாவாவில் வழங்கிய ‘காவி’ எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. செபுவைச் சோழர் நிறுவினார்கள் என்பதற்கோ கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. செபுவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஸ்ரீ லுமாயின் கதையை, நாட்டின் நடுவிலுள்ள விசயப் பகுதித் தீவுகளின் மரபுக்கதையாகச் சொல்லுங்கள், வரலாறாகச் சொல்லாதீர்கள். நம் பெருமைக்காக அந்தக் குழந்தைகளின் வரலாற்றில் கை வைக்க நமக்கு உரிமையில்லை.

நாட்டின் தேசிய வீரரான ஹோசே ரிசாலைப் பற்றிச் சொல்லும்போது, 1896 டிசம்பர் 30-இல் அவர் சுடப்பட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமர்ந்து, ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ தெ மோர்கா பிலிப்பைன்ஸ் பற்றி 1609-இல் வெளியிட்ட நூலைக் கையால் படியெடுத்து, ஸ்பானியர் வருமுன் தம் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று குறிப்புகள் எழுதிப் பதிப்பித்தவர் அவர். அதற்கு முன்னுரை எழுதிய நண்பரான ஆஸ்திரிய அறிஞர் புளூமென்ட்ரிட், கடந்த காலத்தை இன்றைய அளவுகோலால் ரிசால் மதிப்பிடுகிறார் என்று அந்த முன்னுரையிலேயே குறை சொன்னார். ரிசால் அதை அப்படியே தம் நூலில் அச்சிட்டார். மாவீரரின் இந்த முகத்தைக் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டும்.

செப்பேடு மணிலாவில் தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு சனிக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். அதன் பத்தாவது வரி வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது, தொடர்ச்சி கிடைக்கவில்லை. அதில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மேலே ‘ஊகம்’ என்று தலைப்பிட்டு, கலந்தியாவ் அட்டைக்கு அருகில் ஒட்டிவையுங்கள்.

அன்புடன்.