பீச்சாங்கையும் சைக்கோபாத்தும்: வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். எழுதுவது, பந்து எறிவது எல்லாமே இடது கைதான். சைக்கோபாத்துகளில், அதாவது இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத மனிதர்களில், இடது கைக்காரர்கள் அதிகம், வலது மூளையின் ஆதிக்கம்தான் காரணம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அன்றிலிருந்து என் மாமியார் பென்சிலைப் பிடுங்கி அவன் வலது கையில் திணிக்கிறார், அவன் அழுகிறான். இதில் உண்மை உண்டா?

ச., தேனி

அன்புள்ள ச.,

முதலில் பென்சிலை அவன் இடது கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பழியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ. குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, மண்டையோட்டையும் தாடையையும் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று 1876இல் புத்தகம் போட்டவர், 1903இல் இடது கையைப் பற்றியும் அதே பாணியில் எழுதினார். மண்டையோட்டுக் கணக்கை அறிவியல் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. கைமேல் போட்ட பழி மட்டும் ஒரு ஆறு வயதுப் பிள்ளை வரை வந்து நிற்கிறது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சைக்கோபாத்தியை அளக்க இன்று பெரிதும் பயன்படுவது கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியல். பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய கோப்புகளையும் படித்துத்தான் மதிப்பெண் போடுவார்: கூசாமல் பொய் சொல்வது, செய்த தப்புக்கு வருந்தாதது, அடுத்தவர் வலி உறைக்காதது என்று 20 விஷயங்கள், மொத்தம் 40 மதிப்பெண். எந்தக் கையால் எழுதுகிறார் என்ற கேள்வியே அதில் கிடையாது. அதே ஹேர் 1985இல் சக ஆய்வாளர் அடெல் ஃபோர்த்துடன் சேர்ந்து சிறைக்கைதிகள் எந்தக் கையைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார், சைக்கோபாத்தியோடு தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம் வந்த சில ஆய்வுகளில், முக்கியமாக இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களிடம், லேசான தொடர்பு தென்பட்டது உண்மைதான்; ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது சராசரியில் தெரிகிற சின்ன வித்தியாசம், ஒரு குழந்தையைக் காட்டி இவன் இப்படி ஆவான் என்று சொல்ல அது உதவாது. உலகத்தில் பத்தில் ஒருவர் இடது கைக்காரர். வலது மூளைக் கதையும் நிற்காது, அவர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பேச்சைக் கவனிப்பது இடது மூளைதான்.

சரி, அவனுக்கு உண்மையில் வேண்டியது வேறு. நோட்டின் மேல்முனை வலது பக்கம் சாய்கிற மாதிரி வையுங்கள், பென்சிலை முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், எழுதியதைக் கை மறைக்காது, சுண்டுவிரல் ஓரமும் கரியாகாது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காமல் எழுதுவான்.