எல்.டி.எல். 105 தானே, சர்க்கரை நோயாளிக்கு ஏன் கொலஸ்ட்ரால் மாத்திரை?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு வயது 56, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 9.8, எல்.டி.எல். ('கெட்ட கொலஸ்ட்ரால்') 105. ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் 'நார்மல்' என்றிருந்தும் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரை ஏன் என்கிறீர்கள். அந்த 105 ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலின் அளவு மட்டுமே. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நடப்பதை அது காட்டாது.

அந்தச் சுவரில் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் எல்.டி.எல். துகளில் குளுக்கோஸ் ஒட்டும், அது எளிதில் ஆக்ஸிஜனேற்றமும் அடையும். இப்படிக் கெட்ட துகளை இந்தச் செல்கள் சிடி36 போன்ற ஏற்பிகள் (செல்லின் மேலிருந்து துகளைப் பிடிக்கும் புரதங்கள்) வழியாக விழுங்குகின்றன. வழக்கமான எல்.டி.எல். ஏற்பி, செல் நிறைந்ததும் குறைந்துவிடும். சிடி36-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிக்கல் இங்கேதான். வெளியேற்றும் வழியும் அடைபடுகிறது: கொலஸ்ட்ராலை 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல்.லிடம் ஒப்படைக்கும் ஏபிசிஏ1, ஏபிசிஜி1 புரதங்கள் குறைகின்றன, எச்.டி.எல்.லும் திறன் இழக்கிறது. கொழுப்பு தேங்கிய செல் நுரைச்செல்லாகி, அழற்சியைத் தூண்டி, அடைப்பை வளர்க்கிறது.

அதனால்தான் 40 முதல் 75 வயதுச் சர்க்கரை நோயாளிகளுக்கு, எல்.டி.எல். மிக அதிகமாக இல்லாவிட்டாலும் ஸ்டாட்டின் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். தசைவலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்தில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை, 3 மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி. ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம், அதையும் சொல்லிவிடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.