குவைத்திலிருந்து வந்தவரும் வீட்டுக் கணக்கும்

சகோதரி, தண்டையார்பேட்டையில் இத்தனை வருஷம் தனியாகக் குடும்பம் நடத்திய உங்களிடம், குவைத்திலிருந்து திரும்பிய கணவர் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கொத்தமல்லிக்குக்கூடக் கணக்குக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வரத்தான் செய்யும். மாதாமாதம் பணம் அனுப்பியதுதான் இந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பிடி. அது போன பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். நிரந்தரமாக ஊர் திரும்பியவர், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றியே ஆகவேண்டும். அந்தச் சாக்கில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக்கச் சொல்லுங்கள். அப்புறம், மெட்ரோ தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிப்பது, பையனை ட்யூஷனில் விடுவது எல்லாம் இனி அவர் பொறுப்பு. பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள், தண்ணீர் சிந்தினால் சிந்தட்டும். ‘நான்தான் வந்துட்டேனே’ என்று அவர் சொன்னாலும் தையல் வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.