பழைய கியர்பாக்ஸுக்குக் கேரண்டி இல்லை என்றால், மாட்டிய வேலைக்கும் இல்லையா?

கேள்வி: சரக்கு ஏற்றி நானே ஓட்டிப் பிழைக்கிறேன். இருப்பது ஒரே வண்டி, 2004 மாடல் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டன. ஒர்க்‌ஷாப்காரர் வேறு மாடல் வண்டியில் கழற்றிய ஜோடியை மாட்டித் தருவதாகச் சொல்லி முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். அதை உட்காரவைக்க சேஸிஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைத்திருக்கிறார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. மூன்றாவது கியர் தானாக நழுவுகிறது. ஃபோர் வீல் போட்டால் ஒரே சத்தம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டினால் ஜி.பி.எஸ். 48 காட்டுகிறது. கேட்டால், "பழைய சாமானுக்குக் கேரண்டி கிடையாது. கொண்டுவந்து விடுங்கள், பிரித்துப் பார்க்கிறேன், அதற்குத் தனிச் செலவு" என்கிறார். வழக்குப் போடலாமா? ஆர்.டி.ஓ. பக்கம் சிக்கல் வருமா?

பதில்: முதலில், வண்டியை அவரிடம் கொண்டுபோய் விடாதீர்கள். உங்கள் சாட்சி முழுவதும் அந்த இரண்டு பெட்டிகளின் கூடுகளுக்குள் இருக்கிறது. அவர் தனியாகப் பிரித்துவிட்டால், உள்ளே என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சரக்கு ஏற்றி ஓட்டவும் வேண்டாம். இறக்கத்தில் கியர் நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"பழைய சாமானுக்குக் கேரண்டி கிடையாது" என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. மூன்றாவது கியர் நழுவுவது பழைய தேய்மானமாகவும் இருக்கலாம், அதை வைத்து மட்டும் வாதாடுவது கஷ்டம். ஸ்பீடாமீட்டர் கதை வேறு. பழைய ஃபோர் வீல் வண்டிகள் பலவற்றில் அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஒரு சின்னப் பல்சக்கரம் வழியாக ஓடுகிறது. உங்கள் வண்டியின் டயருக்கும் பின் அச்சின் பல்சக்கர விகிதத்துக்கும் அந்தப் பல் எண்ணிக்கை பொருந்த வேண்டும். 48-ல் போகும்போது எப்போதும் 60 என்றே காட்டினால், அது தேய்மானம் அல்ல. பொருத்தம் பார்க்காமல் மாட்டியதுதான் காரணமாக இருக்கும். ஓடோமீட்டரும் அதே கணக்கில் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். என் பார்வையில் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான். இன்றைக்கே பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மீட்டரும் ஜி.பி.எஸ்.ஸும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

இன்ன வண்டிக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்த உபயோகத்துக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. பழைய பொருள் என்பதற்காக இது இல்லாமல் போவதில்லை. மாட்டிய வேலையில் குறை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு.

"வணிக வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக ஓட்டுவது வணிக நோக்கம் ஆகாது என்று அந்தச் சட்டமே விளக்குகிறது. 1995-ல் லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் லாரியை வாங்கித் தானே ஓட்டுபவரையே உதாரணமாகச் சொன்னது. அதனால் புகாரில் "ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன்" என்ற வரி இருந்தே ஆக வேண்டும்.

கோளாறையும் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு ஆட்டோமொபைல் என்ஜினீயரை வைத்து, ஒர்க்‌ஷாப்காரருக்கும் தேதி சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் அழைத்ததற்குச் சான்று இருக்கும். சரிவரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வருமான இழப்பும் கேட்பதானால் பழைய வாடகைச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஆர்.டி.ஓ. விஷயம். ஆர்.சி.யில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கும், கியர்பாக்ஸ் எண் இருக்காது. அதே ரகப் பெட்டியை மாற்றினால் பிரச்சினை இல்லை. என்னைக் கவலைப்படுத்துவது அந்த வெல்டிங்தான். வண்டியின் அடிப்படை அமைப்பு மாறும்படி கட்டமைப்பில் கைவைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு மாற்றமாகப் பார்க்கிறது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதுவும் உரிமையாளர் மேல்தான் வரும். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகிறீர்கள், அடியில் படுத்துப் பார்த்தால் வெட்டு தெரிந்துவிடும். விபத்து நடந்தால் சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸிலும் இதைக் காட்டி இழுத்தடிப்பார்கள். அதனால் படம் எடுத்த பிறகு, அடுத்த எஃப்.சி.க்கு முன் வெட்டிய குறுக்குச் சட்டத்தைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். அந்தச் செலவையும் புகாரில் சேருங்கள்.

வெட்டச் சொன்னது யார் என்பதை மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். "அவர்தான் கேட்டார்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் உரையாடல்தான் பேசும். எதையும் அழிக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் பழைய கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் எங்கே? விலையில் கழித்துக்கொள்வதாகப் பேசியிராவிட்டால் அவை இன்னும் உங்கள் சொத்து. ஸ்ப்ளைன் பற்களை (தண்டில் இருக்கும் இணைப்புப் பற்கள்) எண்ணி ஒப்பிட என்ஜினீயருக்கு அவை தேவைப்படும். காயலான் கடைக்குப் போவதற்குள், நோட்டீஸிலேயே திருப்பிக் கேளுங்கள்.